நிறுத்திய மாத்திரையும் நிறுத்தாத மாத்திரையும்

என் மனைவி முதல் தடவை ரத்தவாந்தி எடுத்தது ஒரு சனிக்கிழமை காலை. பத்து மணி இருக்கும். சமையலறைத் தொட்டியில் கத்தரிக்காய் கழுவிக்கொண்டிருந்தாள். நான் ஹாலில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னங்க" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள். போய்ப் பார்த்தபோது கத்தரிக்காய்களின் மேல் ரத்தம் கிடந்தது. கட்டி கட்டியாக, கறுத்த சிவப்பில். அவள் இரண்டு கையாலும் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "வலியே இல்லைங்க, அப்படியே வந்துடுச்சு" என்றாள்.

நான் முதலில் அடுப்பை அணைத்தேன். பிறகு அவளை நாற்காலியில் உட்கார வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் காரை எடுக்கச் சொன்னேன். அவர் செருப்பு மாட்டிக்கொண்டு வருவதற்குள் ஜன்னல்களைச் சாத்தி, இன்சூரன்ஸ் அட்டையை எடுத்து, தொட்டியையும் கழுவிவிட்டேன். கத்தரிக்காய்களைக் குப்பையில் போட்டேன். பயமாக இருந்ததா என்று மகள் பிற்பாடு கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். பயந்ததாக ஞாபகம் இல்லை. குழாயை இறுக மூடியதுதான் ஞாபகம் இருக்கிறது.

நாங்கள் காக்ஸ் டவுன்காரர்கள். என் அப்பா காலத்திலிருந்து அதே வீடு. நான் ஒரு அரசுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வருகிற உதிரிப் பாகத்தை அளந்து பார்ப்பது, அளவு சரியாக இருந்தால் உள்ளே அனுப்புவது, இல்லாவிட்டால் சிவப்புச் சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்புவது, இதுதான் வேலை. என் மனைவி சர்ச் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவாள். எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்குக்கூட ஒயின் வாங்குவதில்லை. கேக்கில் ரம் சேர்த்திருக்கிறார்களா என்று பேக்கரியில் கேட்டுத்தான் வாங்குவாள்.

ஆஸ்பத்திரியில் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். கல்லீரல் சுருங்கிப்போயிருக்கிறது, சிரோசிஸ் என்றார்கள். பணியிலிருந்த டாக்டர் கேஸ் ஷீட்டை எழுதிக்கொண்டே, தலை நிமிராமல், "குடிப்பாங்களா?" என்று என்னைக் கேட்டார்.

"இல்லை."

"எப்பவாவது? பார்ட்டி, ஃபங்ஷன்ல?"

"இல்லை டாக்டர். அவங்க டீச்சர்."

டீச்சர் என்பது அதற்குப் பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது. இரண்டு நாள் கழித்து ரத்தப் பரிசோதனையில் காரணம் கிடைத்தது. ஹெபடைடிஸ் சி என்கிற வைரஸ். மகள் பிறந்தபோது அவளுக்கு நிறைய ரத்தம் போய், வெளியிலிருந்து இரண்டு பாட்டில் ஏற்றினார்கள். அந்தக் காலத்தில் ரத்தத்தில் இந்தக் கிருமியைச் சோதிக்கிற வழக்கம் வரவில்லை. அப்போது வந்ததாகத்தான் இருக்கும் என்றார்கள். முப்பது வருடத்துக்கு மேல் உள்ளேயே இருந்து, சத்தமில்லாமல் கல்லீரலைத் தின்றிருக்கிறது. கிருமியை ஒழிக்க மாத்திரை இருந்தது. மூன்று மாதத்தில் அது ரத்தத்தில் இல்லை என்று ரிப்போர்ட்டும் வந்தது. ஆனால் கல்லீரலில் விழுந்த தழும்பு போகாது என்று சொல்லிவிட்டார்கள்.

பார்க்க வந்த போதகர் ஜெபம் செய்துவிட்டு, வராந்தாவில் என்னைத் தனியாக நிறுத்தி, "சிஸ்டருக்கு வேற பழக்கம் ஒண்ணும் இல்லையே பிரதர்?" என்று தணிந்த குரலில் கேட்டார். நான் ரத்தம் ஏற்றிய கதையைச் சொன்னேன். அதற்குப் பிறகு யார் வந்தாலும் அவர்கள் கேட்பதற்கு முன்பே அந்தக் கதையைச் சொல்லிவிடுவேன்.

வாந்தியில் வந்த ரத்தம் எங்கிருந்து வந்தது என்பதைப் பெரிய டாக்டர் ஒரு காகிதத்தின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். "மெயின் ரோட்டை அடைச்சா வண்டியெல்லாம் சந்துக்குள்ள புகுந்து வருமில்ல? அப்படித்தான். கல்லீரல் வழியா போக வேண்டிய ரத்தம் போக முடியாம உணவுக்குழாய்ல இருக்கிற சின்ன நரம்புக்குள்ள புகுந்திருக்கு. அது வீங்கி, ஒண்ணு வெடிச்சுடுச்சு. ரப்பர் பேண்டு மாதிரி ஒண்ணு போட்டுக் கட்டியிருக்கோம்." நான் தலையாட்டினேன். புரிந்துகொண்டதாகத்தான் நினைத்தேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரைகள் எழுதிக் கொடுத்தார்கள். அதில் இரண்டைப் பற்றித்தான் இங்கே சொல்ல வேண்டும். ஒன்று, காலையில் வெறும் வயிற்றில் போடுகிற கேஸ் மாத்திரை. வயிற்றில் அமிலம் சுரப்பதைக் குறைப்பது. அதற்கு எதிரே பதினான்கு நாள் என்று போட்டிருந்தது. இன்னொன்று, ஒரு சின்ன மாத்திரை, காலையும் மாலையும். அதற்கு எதிரே நாள் கணக்கு இல்லை. தொடர்ந்து சாப்பிட வேண்டும் என்று இருந்தது.

கேஸ் மாத்திரை எனக்குப் பழக்கமானது. ஷிப்டு வேலைக்காரர்கள் எல்லோரும் போடுவது. நானே பன்னிரண்டு வருடமாகப் பல் தேய்த்ததும் முதலில் அதைத்தான் விழுங்குகிறேன். பதினான்கு நாள் முடிந்ததும் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. வயிற்றிலிருந்து ரத்தம் வந்தது. இது வயிற்றைக் காக்கிற மாத்திரை. பிறகு எதற்கு நிறுத்துவது என்று நினைத்தேன். டாக்டர் போட்ட படம் அலமாரியில்தான் இருந்தது. அதை எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. தெருமுனை மெடிக்கல் ஷாப்காரரைக் கேட்டேன். "கேஸ் மாத்திரைதானே சார், அது ஒண்ணும் பண்ணாது. சாப்பிடட்டும்" என்று இரண்டு அட்டை கிழித்துக் கொடுத்தார். சீட்டுகூடக் கேட்கவில்லை.

மற்ற மாத்திரை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. எழுந்தால் தலை சுற்றியது. மாடிக்குத் துணி காயப் போடப் போகிறவள் பாதிப் படியில் உட்கார்ந்துவிடுவாள். "உடம்பெல்லாம் ஈயம் ஊத்தின மாதிரி இருக்குங்க" என்பாள். நான் ரத்த அழுத்தம் பார்க்கிற மெஷின் ஒன்று வாங்கினேன். காலையும் மாலையும் பார்த்து ஒரு நோட்டில் எழுதினேன். அழுத்தம் ஓரளவு சரியாக இருந்தது. நாடித்துடிப்பு அறுபத்திரண்டு, ஐம்பத்தெட்டு என்று இறங்கிக்கொண்டே வந்தது. ஒருநாள் காலை ஐம்பத்து நான்கு காட்டியது. இரண்டு தடவை திரும்ப வைத்துப் பார்த்தேன். ஐம்பத்து நான்குதான்.

எழுபத்திரண்டு என்று பள்ளிக்கூடத்தில் படித்தது. ஐம்பத்து நான்கு என் கணக்கில் அளவுக்கு வெளியே. ஆஸ்பத்திரிக்கு போன் போட்டேன். யாரோ எடுத்து, காத்திருக்கச் சொல்லி, பாட்டு போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் லைன் துண்டாகிவிட்டது. மறுபடி போட்டேன். வியாழக்கிழமை ஓ.பி.க்கு வாங்க என்றார்கள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

அவள் படுத்திருந்த அறைக்குப் போய், "இனிமே அந்தச் சின்ன மாத்திரை வேண்டாம். டாக்டர்கிட்ட கேட்டுட்டேன்" என்றேன்.

"கேட்டீங்களா? நிறுத்தச் சொல்லிட்டாரா?"

"ஆமா."

அந்தப் பொய்யைச் சொல்லும்போது எனக்குக் கூச்சமாக இல்லை. அவள் நிம்மதியாகட்டும் என்றுதான் சொன்னேன். வியாழக்கிழமை மழை. போகவில்லை. அதற்கடுத்த வியாழக்கிழமை அவள் நன்றாக இருந்தாள். பிறகு எதற்குப் போவது?

உண்மையிலேயே நன்றாக இருந்தாள். அதையும் சொல்ல வேண்டும். தலைசுற்றல் நின்றது. மாடி ஏறினாள். சர்ச்சுக்கு நடந்து போய் வந்தாள். ரிச்சர்ட்ஸ் டவுனில் இருக்கிற அவள் தங்கை வீட்டுக்குத் தனியாக ஆட்டோவில் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தாள். நாடித்துடிப்பு எழுபத்தெட்டு, எண்பது. நோட்டில் அந்த எண்களை எழுதும்போது எனக்குத் திருப்தியாக இருந்தது. சரியான முடிவு எடுத்தோம் என்று நினைத்தேன். கேஸ் மாத்திரையைத் தினமும் காலையில் ஒரு தம்ளர் வெந்நீருடன் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒருநாள்கூடத் தவறியதில்லை.

இடையில் ஒரு நாள், மளிகைச் சாமான் எழுதச் சொன்னபோது, அவள் எழுதிக் கொடுத்த காகிதத்தில் ஒரு வார்த்தையும் வார்த்தையாக இல்லை. எழுத்துகள் இருந்தன. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கையெழுத்து திருத்தியவள். "என்னம்மா இது?" என்றேன். காகிதத்தை வாங்கிப் பார்த்து, "துவரம்பருப்புதான்" என்றாள். பகலெல்லாம் தூங்கினாள். இரண்டு நாள் கழித்துச் சரியாகிவிட்டது. மலம் இளகிப் போவதற்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்தை ஒழுங்காகக் குடிக்கவில்லை, அதனால்தான் என்று அவளைக் கடிந்துகொண்டேன்.

இரண்டாவது தடவை ஒரு புதன்கிழமை மாலை, டீ வேளையில். அதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே, "கறுப்பா போகுதுங்க, தார் மாதிரி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தங்கை கொடுத்த சத்து மாத்திரையில் இரும்பு இருக்கும், அதனால் அப்படிப் போகும் என்றேன். புதன்கிழமை டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, தம்ளரைக் கீழே வைத்தாள். எழுந்து இரண்டு அடி நடந்தாள். பாத்ரூம் வரை போக முடியவில்லை. இந்தத் தடவை பிரகாசமான சிவப்பு. நிறைய. சுவரில் இருந்த காலண்டரின் கீழ்ப்பாதி நனைந்தது.

ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் தலையை என் மடியில் ஒருக்களித்து வைத்திருந்தேன். அவள் கை ஈரத்துணி மாதிரி சில்லென்று இருந்தது. "மறுபடியுமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். தெருவில் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஐ.சி.யு.வுக்கு வெளியே இரும்பு நாற்காலி வரிசை. நர்ஸ் வந்து, "ஸ்வல்ப இரி சார், டாக்டர் பருத்தாரெ" என்று கன்னடத்தில் டாக்டர் வரும்வரை இருக்கச் சொல்லிவிட்டுப் போனார். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. என் சட்டையில் ரத்தம் காய்ந்து மொடமொடவென்று ஆகியிருந்தது. எதிரே இருந்த அம்மா, "மாத்து சட்டை இல்லையாண்ணே?" என்று கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தேன்.

வந்தது ஒரு இளம் பெண் டாக்டர். கன்னடக்காரப் பெண், ஆனால் தமிழ் நன்றாகப் பேசினாள். மறுபடி கட்டுப் போட்டாயிற்று, ரத்தம் நின்றிருக்கிறது, இரண்டு நாள் தாண்ட வேண்டும் என்றாள். பிறகு நான் பையில் கொண்டுவந்த மாத்திரை டப்பாவைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள்.

"அங்கிள், இந்த கேஸ் மாத்திரை எத்தனை நாளா குடுக்கிறீங்க?"

"பதினோரு மாசமா."

"டிஸ்சார்ஜ் சீட்டுல பதினாலு நாள்னு இருக்கே?"

"ரத்தம் வரக்கூடாதுன்னு..."

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. களைத்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "அங்கிள், ஆன்ட்டிக்கு ரத்தம் வந்தது அசிடிட்டியால இல்ல. நரம்புல பிரஷர் ஏறி வெடிச்சது. இந்த மாத்திரை அந்த பிரஷரைக் குறைக்காது. பேண்டு போட்ட இடத்துல புண்ணு ஆறணும், அதுக்குத்தான் கொஞ்ச நாளைக்குக் குடுக்கிறோம். ரொம்ப நாள் குடுத்தா லிவர் பேஷன்ட்டுக்கு இன்ஃபெக்‌ஷன் வர சான்ஸ் கூடும், மூளைக் குழப்பமும் வரலாம்னு சொல்றாங்க. வேற காரணம் இல்லாம நாங்க கன்டின்யூ பண்ண மாட்டோம்."

மளிகைச் சாமான் காகிதத்தைப் பற்றிச் சொன்னேன். "இதனாலதான்னு சொல்ல முடியாது. பல காரணம் இருக்கும்" என்றாள். டப்பாவை மறுபடி புரட்டினாள். "பிரஷரைக் குறைக்கிற மாத்திரை எங்க? காலையும் சாயந்திரமும் ஒண்ணு இருக்கணுமே."

"நிறுத்திட்டோம்."

"யாரு நிறுத்தச் சொன்னாங்க?"

"பல்ஸ் ஐம்பத்து நாலுக்கு வந்துடுச்சு."

"அங்கிள், அந்த மாத்திரை பல்ஸைக் குறைக்கத்தான் செய்யும். ஐம்பத்தஞ்சு, அறுபதுக்குள்ள நிக்கணும்னுதான் நாங்களே பார்க்கிறோம். ஐம்பத்து நாலு கொஞ்சம் கம்மி. வந்து காட்டியிருந்தா டோஸைக் குறைச்சிருப்போம்" என்றாள்.

நான் அளந்து, அளவுக்கு வெளியே என்று சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்பிய எண், அவர்கள் கேட்ட எண்ணுக்கு ஒன்றுதான் குறைவு. இது எனக்குப் புரிந்தது. புரிந்தபோது ஏதாவது நடக்கும் என்று உடம்பு காத்திருந்தது. நெஞ்சு அடைக்கும், கண் இருட்டும் என்று. ஒன்றும் நடக்கவில்லை.

"அதனாலதான் இன்னிக்கு இப்படி ஆச்சா?" என்று கேட்டேன்.

"அப்படி அடிச்சுச் சொல்ல முடியாது அங்கிள். ஒழுங்கா சாப்பிட்டவங்களுக்கும் வருது. ஆனா சாப்பிட்டிருந்தா சான்ஸ் கம்மி." எழுந்துகொண்டாள். "ஏதாவது சாப்பிடுங்க. கேன்டீன் திறந்திருக்கும்."

கேன்டீனுக்குப் போய் இட்லி வாங்கி மூன்றையும் சாப்பிட்டேன். உப்பு இருந்ததா இல்லையா என்று தெரியவில்லை.

ஆறாம் நாள் அவளை வார்டுக்கு மாற்றினார்கள். சென்னையிலிருந்து மகள் வந்திருந்தாள். அவள் துணி எடுக்க வீட்டுக்குப் போன நேரத்தில் நான் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அந்தச் சின்ன மாத்திரைய நிறுத்தினோமே."

"ம்."

"டாக்டர் நிறுத்தச் சொல்லல."

அவள் கண்ணைத் திறந்தாள். "கேட்டேன்னு சொன்னீங்களே."

"போன் போட்டேன். டாக்டர் கிடைக்கல. நானா நிறுத்திட்டேன்."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வகுப்பில் ஒரு பிள்ளை வீட்டுப்பாடம் செய்யாமல் வந்து, நோட்டை வீட்டில் வைத்துவிட்டேன் என்று சொன்னால் இப்படித்தான் பார்ப்பாளாக இருக்கும். பக்கத்துக் கட்டில்காரரின் சொந்தக்காரர்கள் வந்து பழம் உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"மாத்திரைய நிறுத்தினது போகட்டும். தெரியாம பண்ணிட்டீங்க" என்றாள். "கேட்டேன்னு ஏன் சொன்னீங்க?"

"நீ நிம்மதியா இருப்பேன்னு."

"நான் நிம்மதியாத்தான் இருந்தேன்" என்றாள். பிறகு, "தண்ணி குடுங்க" என்றாள். கொடுத்தேன். குடித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

அன்று மாலை மகள் திரும்பி வந்து என்னைப் பார்த்துவிட்டு, "என்ன மம்மி, டாடி ஏன் இப்படி உட்கார்ந்திருக்காரு?" என்று கேட்டது கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த என் காதில் விழுந்தது. "அவருக்குத் தூக்கம் இல்லை, விடு" என்றாள் என் மனைவி. நடந்ததை இன்றுவரை மகளிடம் அவள் சொன்னதாகத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த முதல் நாளே, "டப்பாவை இனிமே நான் வச்சுக்கறேன்" என்றாள். கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் வைத்துக்கொண்டாள். காலையில் நான் வெந்நீர் கொண்டுபோனால், "அங்க வைங்க" என்பாள். எந்த மாத்திரையை எப்போது போடுகிறாள் என்று நான் பார்க்கிற மாதிரி போடமாட்டாள். அந்தச் சின்ன மாத்திரைக்குப் பதிலாக அதே வேலையைச் செய்கிற வேறொன்று எழுதியிருந்தார்கள். இதில் தலைசுற்றல் குறைவு என்று அவள் தன் தங்கையிடம் போனில் சொன்னதைக் கேட்டுத்தான் எனக்குத் தெரியும். செக்கப்புக்கும் கொஞ்ச நாள் தங்கையோடுதான் போனாள். டாக்டரிடம் கேட்க வேண்டியதை முதல் நாளே காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்வாள். எழுத்து பழையபடி குண்டு குண்டாக, வரிசையாக இருந்தது.

சண்டை ஒன்றும் இல்லை. சேர்ந்துதான் சாப்பிட்டோம். ஞாயிற்றுக்கிழமை சேர்ந்துதான் சர்ச்சுக்குப் போனோம். மருமகன் வந்தால் சிரித்துப் பேசினாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எழுதத்தான் கை வருகிறது. ஆனால் உண்மை அது இல்லை. திட்டியிருந்தாலும் நான் இப்படித்தான் உட்கார்ந்திருப்பேன் என்று நினைக்கிறேன். அந்த ஐ.சி.யு. நாற்காலியில் என்னவோ உறைந்தது. ஒரு தடவை பல் பிடுங்க ஊசி போட்டபோது கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தேன். கன்னம் இருந்தது, கிள்ளுவதும் தெரிந்தது, வலி மட்டும் இல்லை. அந்த ஊசி சாயங்காலத்துக்குள் இறங்கிவிட்டது.

சுவரில் பட்ட கறை பெயிண்ட் அடித்தும் மங்கலாகத் தெரிந்தது. அவள்தான் ஒருநாள், "புத்தக அலமாரிய இங்க நகர்த்திடலாம்" என்றாள். நகர்த்தினோம். அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

இரண்டாவது ரத்தவாந்திக்குப் பிறகு மூன்று தடவை குழாய் விட்டுப் பார்த்துக் கட்டுப் போட்டார்கள். போன மாதம் நான்காவது. அந்தத் தடவை தங்கைக்குக் காய்ச்சல். "நீங்க வரீங்களா?" என்று கேட்டாள். போனேன். வெளியே உட்கார்ந்திருந்தேன். அதே பெண் டாக்டர்தான் வந்தாள். "அங்கிள், நரம்பெல்லாம் சுருங்கிடுச்சு. இந்தத் தடவை பேண்டு போட வேண்டிய அவசியமே இல்ல. ஆறு மாசம் கழிச்சு வந்தா போதும்" என்றாள். கல்லீரல் அப்படியேதான் இருக்கிறது, மாத்திரையை மட்டும் விடக்கூடாது என்று என் மனைவியைப் பார்த்துச் சொன்னாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. நன்றி சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டேன்.

வெளியே வந்தோம். வெயில் நன்றாக அடித்தது. அவளுக்கு முந்தின நாளிலிருந்து வெறும் வயிறு. எதிரே இருந்த ஹோட்டலுக்குப் போனோம். சூடாக எதுவும் வேண்டாம் என்று தயிர்சாதம் சொன்னாள். நான் காபி. தொண்டையில் மரத்துப்போவதற்கு அடித்த மருந்து இன்னும் முழுதாகப் போகவில்லை என்று மெதுவாக, சின்னச் சின்ன வாயாகச் சாப்பிட்டாள். பாதி சாப்பிட்டதும் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நல்ல சேதி சொல்லியிருக்காங்க. நீங்க ஒண்ணுமே சொல்லலையே?"

"என்ன சொல்றது?"

"சந்தோஷம்னு சொல்லலாம்."

"சந்தோஷம்" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. பிறகு தட்டை என் பக்கம் தள்ளி, "என்னால முடியல, மிச்சத்தை நீங்க சாப்பிடுங்க" என்றாள். அவள் கரண்டியையே எடுத்து மிச்சத்தைச் சாப்பிட்டேன். அவள் கைப்பையைத் திறந்து போனை எடுத்து, நாங்கள் கிளம்பிவிட்டோம் என்று தங்கைக்குச் சொன்னாள். பஸ் ஸ்டாப்பில் உட்கார இடம் இருந்தது. எங்கள் பஸ் வர இருபது நிமிடம் ஆயிற்று.